பிங்கியாக நடித்தவர் காந்தியை எடுத்தார்: ரிச்சர்ட் அட்டன்பரோ பற்றி ஒரு விவாதம்

ஜூன் 4 (கேள்வி)

"காந்தி" படத்துக்குக் கிடைத்த எட்டு ஆஸ்கர்களும் உண்மையில் காந்திக்குக் கிடைத்தவை. ரிச்சர்ட் அட்டன்பரோ நல்ல நடிகர், அவ்வளவுதான். இயக்குநராக அவருக்கென்று ஒரு பார்வையே கிடையாது. பெரிய மனிதர்களின் வாழ்க்கையை வரிசையாக எடுத்து, அவர்கள் பெயரின் பலத்தில் நின்றவர். நடிகராகவே இருந்திருந்தால் இன்னும் பெரிய இடத்துக்குப் போயிருப்பார். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

ஜூன் 4, இரவு

நான் மறுக்கிறேன். ஆனால் முழுக்க இல்லை. கேமராவை வைத்து வித்தை காட்டுகிறவர் அவர் இல்லை என்பது சரி. "லாரன்ஸ் ஆஃப் அரேபியா" எடுத்த டேவிட் லீன் பக்கத்தில் நிறுத்தினால் அது தெரிந்துவிடும். ஆனால் "பார்வையே கிடையாது" என்பதை ஒப்புக்கொள்ள முடியாது. அவருடைய பார்வை எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் இயக்கிய பன்னிரண்டு படங்களை மட்டும் பார்த்தால் போதாது, அதற்கு முன் நடித்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதல் படத்திலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். 1942, "இன் விச் வீ சர்வ்". போர்க்கப்பலில் குண்டு விழும்போது பயந்துபோய்த் தன் இடத்தை விட்டு ஓடுகிற இளம் மாலுமி. வயது பத்தொன்பது கூட ஆகவில்லை, டைட்டிலில் பெயர் இல்லை. போர் நடந்துகொண்டிருக்கும்போதே வந்த படம், எல்லோரும் வீரர்களாக நடிக்கிற காலம். இவருக்குக் கிடைத்தது கோழை வேடம். அப்புறம் 1947-இல் "பிரைட்டன் ராக்", பிங்கி என்ற பதினேழு வயது ரவுடி. குழந்தை முகம், ஆனால் கண்ணில் ஈரம் கிடையாது. 1964-இல் "சியான்ஸ் ஆன் எ வெட் ஆஃப்டர்நூன்", மனைவி சொன்னதற்காகக் குழந்தையைக் கடத்துகிற பயந்தாங்கொள்ளிக் கணவன். 1971-இல் "டென் ரில்லிங்டன் பிளேஸ்", ஜான் கிறிஸ்டி என்ற நிஜக் கொலைகாரன்.

நடிகராக இருந்தவரை பலவீனமானவர்கள், ஒளிந்துகொள்கிறவர்கள், குற்றம் செய்தவர்கள். இயக்குநரானதும் சர்ச்சில், காந்தி, தென்னாப்பிரிக்காவின் நிறவெறியை எதிர்த்த பிகோ, சாப்ளின். இதைத்தான் யோசிக்க வேண்டும் என்கிறேன். ஒரே மனிதர் ஏன் இப்படி இரண்டு பக்கம் பிரிந்தார்?

ஜூன் 5

நேற்று எழுதியதற்கு ஒரு பின்குறிப்பு. எல்லா வேடமும் கோழையோ கொலைகாரனோ அல்ல. "தி கிரேட் எஸ்கேப்" (1963) படத்தில் சிறையிலிருந்து தப்பிக்கும் திட்டத்தைப் போடுகிற பார்ட்லெட் அவர்தான். அங்கே கோழைத்தனத்துக்கே இடமில்லை. "தி ஆங்ரி சைலன்ஸ்" (1960) படத்தில் சங்கத்தின் சம்மதமில்லாத வேலைநிறுத்தத்தில் சேர மறுத்து, சக தொழிலாளிகளால் ஒதுக்கிவைக்கப்படுகிற மனிதன். ஆனால் அந்தப் படத்தைக் கவனித்தால் தெரியும், அவன் கொள்கை வீரன் இல்லை. வீட்டில் இரண்டு குழந்தைகள், மனைவி மறுபடி கர்ப்பம், சம்பளம் நின்றால் என்ன செய்வது என்ற பயம், அதற்கு மேல் ஒரு பிடிவாதம். எல்லோரும் சாப்பிடுகிற கேன்டீனில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது அவர் முகத்தைப் பாருங்கள். நான் மேடையில் நடித்தவன். யாரும் பேசாத ஒருவனை நடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அப்போது தெரிந்துகொண்டது. எதிர் நடிகர் வசனம் கொடுத்தால்தான் நமக்குப் பிடிமானம் கிடைக்கும். அது இல்லாதபோது முகம் தானாகவே வேலை செய்ய வேண்டும்.

அந்தப் படத்தைத் தயாரித்ததும் அவரே, நண்பர் பிரையன் ஃபோர்ப்ஸுடன் சேர்ந்து தொடங்கிய பீவர் ஃபிலிம்ஸ் மூலம். பணம் போதவில்லை என்பதால் சம்பளத்தை விட்டுக்கொடுத்து எடுத்தார்கள். தயாரிப்பாளராக அவருடைய குணம் இங்கேயே ஆரம்பித்துவிட்டது.

ஜூன் 5, மாலை

கிறிஸ்டி வேடத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நான் கேட்ட கேள்விக்குப் பாதி விடை அங்கேதான் இருக்கிறது.

லண்டனில் கிறிஸ்டி இருந்த அதே கட்டடத்தில் குடியிருந்த டிமோதி எவன்ஸ், தன் குழந்தையைக் கொன்றதாகத் தீர்ப்பாகி 1950-இல் தூக்கிலிடப்பட்டார். அந்த வழக்கில் அரசுத் தரப்பின் முக்கிய சாட்சியே கிறிஸ்டிதான். மூன்று வருடம் கழித்துத்தான் அந்த வீட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் பெண்களின் உடல்கள் கிடைத்தன. கிறிஸ்டி 1953-இல் தூக்கிலிடப்பட்டான், எவன்ஸுக்கு 1966-இல் மன்னிப்பு அறிவித்தார்கள். போனவர் போனவர்தானே. பிரிட்டனில் கொலைக்கு மரண தண்டனை 1969 கடைசியில் நிரந்தரமாக ஒழிந்தது, ஆனால் அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்ற குரல்களும் இருந்தன. அட்டன்பரோ மரண தண்டனைக்கு எதிரானவர். அந்த வேடத்தில் நடிக்க அவருக்கு விருப்பமில்லை, இருந்தும் இந்தக் கதை ஊருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே ஒப்புக்கொண்டார்.

படம் எடுத்ததும் அந்தத் தெருவிலேயே, அதை இடிப்பதற்குக் கொஞ்ச காலத்துக்கு முன். ரிச்சர்ட் ஃபிளைஷர் இயக்கம். எவன்ஸாக ஜான் ஹர்ட். அட்டன்பரோ அதில் குரலையே உயர்த்துவதில்லை. தேநீர் வேண்டுமா என்று கேட்கிற அதே குரலில் எல்லாவற்றையும் பேசுவார். முதல்முறை பார்த்தபோது நடுவில் நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டேன், அப்புறம்தான் முடித்தேன்.

ஆக, அவர் கொலைகாரனாக நடித்ததற்கும் காந்தியை எடுத்ததற்கும் ஒரே காரணம்தான். இரண்டு இடத்திலும் அவருக்குச் சொல்ல ஒரு விஷயம் இருந்தது.

ஜூன் 7

"அந்த மனசு எங்கிருந்து வந்தது" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வீட்டிலிருந்து. பிறந்தது கேம்பிரிட்ஜில், 1923 ஆகஸ்ட் 29. வளர்ந்தது லெஸ்டரில். அப்பா அங்கே பல்கலைக்கழகக் கல்லூரியின் முதல்வர். மூன்று பையன்கள். நடுவில் இருப்பவர் டேவிட், ஆம், இயற்கைப் படங்களின் டேவிட் அட்டன்பரோ. 1939-இல் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த இரண்டு யூதச் சிறுமிகள் இவர்கள் வீட்டுக்கு வருகிறார்கள். சில நாள் தங்கிவிட்டு அமெரிக்காவில் உள்ள உறவினரிடம் போவதாக ஏற்பாடு. போர் மூண்டுவிட்டது, போக வழியில்லை. அப்பாவும் அம்மாவும் பையன்களை உட்காரவைத்துப் பேசினார்கள்: இவர்களை நம் வீட்டிலேயே வைத்துக்கொள்ள நினைக்கிறோம், உங்களுக்கென்று இருக்கிற அன்பில் பங்கு போகும், முடிவு உங்கள் கையில். பையன்கள் சரி என்றார்கள். அந்தச் சிறுமிகள் ஏழு வருடம் அங்கேயே வளர்ந்தார்கள்.

பதினாறு வயதுப் பையனிடம் பெரிய முடிவைக் கேட்டு எடுக்கிற வீடு. வேறெதையும் தேட வேண்டாம்.

ஜூன் 7, இரவு

இப்போது "காந்தி".

"பெரிய மனிதரின் பெயர் பலத்தில் நின்றார்" என்பதுதானே குற்றச்சாட்டு? அந்தப் பெயரை வைத்துக்கொண்டு படம் எடுக்க அவருக்கு இருபது வருடம் ஆனது. 1962-இல் லண்டனில் இந்திய ஹை கமிஷனில் வேலை பார்த்த மோதிலால் கோத்தாரி என்பவர் அவரைக் கூப்பிட்டு, லூயி ஃபிஷர் எழுதிய காந்தி வரலாற்றைப் படிக்கச் சொல்கிறார். அப்போது அட்டன்பரோ ஒரு படம்கூட இயக்கியதில்லை! 1963-இல் நேருவைப் பார்க்கிறார். காந்தியைத் தெய்வமாக்கிவிட வேண்டாம் என்பதுதான் நேரு சொன்னதன் சாரம். 1964-இல் நேரு போய்விட்டார். 1970-இல் கோத்தாரியும் போய்விட்டார். எந்தப் பெரிய ஸ்டுடியோவும் பணம் போடத் தயாரில்லை. இதற்கிடையில் அவர் இயக்குநராகிறார்: 1969, 1972, 1977, 1978 என்று நான்கு படங்கள். ஒவ்வொன்றும் முடிந்ததும் திரும்பக் காந்தியிடமே வந்து நிற்கிறார். கடைசியில் இந்திரா காந்தி அரசின் ஒத்துழைப்பு, தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் பணம், லண்டனில் திரட்டிய பணம் எல்லாம் சேர்ந்து 2.2 கோடி டாலரில் படம் ஆரம்பித்தது 1980 நவம்பரில். வீட்டை அடமானம் வைத்தார், ஓவியங்களை விற்றார். 1952-இல் அகதா கிறிஸ்டியின் "தி மவுஸ்டிராப்" நாடகத்தில் அவரும் மனைவி ஷீலா சிம்மும் முதல் குழுவில் நடித்தபோது சம்பளத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து லாபத்தில் பங்கு வாங்கியிருந்தார்கள். அந்த நாடகம் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது, அப்படியென்றால் அந்தப் பங்கு எப்படிப்பட்ட சொத்து என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதில் ஒரு பகுதியையும் இந்தப் படத்துக்காகவே விற்றார்.

இறுதி ஊர்வலக் காட்சி எல்லோருக்கும் தெரியும். 1981 ஜனவரி 31, காந்தியின் உடல் எரியூட்டப்பட்டு சரியாக முப்பத்து மூன்று வருடம் கழிந்த நாள், டெல்லி ராஜபாதையில் மூன்று லட்சம் பேருக்கு மேல். பெரும்பாலானோர் தாங்களாக வந்தவர்கள். பதினொரு கேமரா குழுக்கள். திரையில் வருவது இரண்டு நிமிடம் சொச்சம்தான்.

ஆனால் நான் அந்தக் காட்சியை வைத்து வாதாடப் போவதில்லை. அது திட்டமிடலின் வெற்றி. நாளைக்கு எழுதுகிறேன்.

ஜூன் 8

சிறு வயதில் அக்டோபர் 2 அன்று தூர்தர்ஷனில் "காந்தி" பார்த்தது நினைவிருக்கிறது. உப்பு யாத்திரையும் ஜாலியன்வாலா பாக்கும்தான் மனதில் நின்றன. இப்போது பார்க்கும்போது நிற்பது வேறு.

ஒன்று, தென்னாப்பிரிக்க ஆசிரமத்தில் கழிப்பறை சுத்தம் செய்ய கஸ்தூர்பா மறுக்கிற இடம். காந்தி கையைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளப் போகிறார். அடுத்த கணம் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது அவருக்கே உறைக்கிறது. பென் கிங்ஸ்லி முகத்தில் அந்த வெட்கம் வந்து உட்காருகிற வரை கேமரா நகர்வதில்லை. ரோஹிணி ஹட்டங்காடி அங்கே கோபத்தையும் விடவில்லை, பாசத்தையும் விடவில்லை. அவருக்குத் துணை நடிகைக்கான பிரிட்டனின் பாஃப்டா விருது கிடைத்தது, தகுதியானது.

இன்னொன்று, கலவரம் நிற்க வேண்டும் என்று காந்தி இருக்கிற கல்கத்தா உண்ணாவிரதம். இந்துக் கலவரக்காரனாக வருகிற ஓம் புரி பாய்ந்து வந்து ரொட்டியை எறிகிற இடம். நான் நரகத்துக்குப் போகிறேன், ஆனால் உங்கள் சாவு என் தலையில் வேண்டாம் என்கிறான். ஒரு குழந்தையைக் கொன்றவன் அவன். பெற்றோரை இழந்த ஒரு முஸ்லிம் குழந்தையை எடுத்து முஸ்லிமாகவே வளர்க்கச் சொல்கிறார் காந்தி. ஓம் புரிக்குப் படம் முழுக்க அந்தச் சில நிமிடங்கள்தான். மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிற படத்தில் என்னை இன்றும் கலங்கடிப்பது அந்தச் சில நிமிடங்கள்.

இரண்டிலும் திரையில் இருப்பவன் யார்? தன் செயலுக்காக வெட்கப்படுகிறவன், பயந்தவன், குற்றம் செய்தவன். 1942-இல் இடத்தை விட்டு ஓடிய அந்த மாலுமிதான். அப்படிப்பட்டவனை உள்ளிருந்து தெரிந்த நடிகர் ஒருவர் கேமராவுக்குப் பின்னால் நின்றதால் கிடைத்த காட்சிகள் இவை. இதுதான் என் பதில். மகான்களை எடுக்கும்போது அட்டன்பரோ மரியாதையாக இரண்டடி தள்ளி நிற்பார். மகானோ கொலைகாரனோ, ஒரு மனிதன் கூசிக் குறுகிப் போகும்போதுதான் அவர் பக்கத்தில் வருவார்.

ஜூன் 8, பிற்பகல்

"அப்படியானால் படத்தில் குறையே இல்லையா" என்று கேட்கிறார்கள். இருக்கிறது, பெரிய குறைகளே இருக்கின்றன. அம்பேத்கர் இல்லை. காந்தி பற்றிய ஒரு படத்தில், அதுவும் தீண்டாமை பற்றிப் பேசுகிற படத்தில், அம்பேத்கர் இல்லாமல் போனதற்கு நேரம் போதவில்லை என்பது சமாதானமாகாது. சுபாஷ் போஸ் இல்லை. தென்னாப்பிரிக்கப் பகுதியில் நம் ஆட்கள் எங்கே? அந்தப் போராட்டத்தில் சிறைக்குப் போனவர்களில் தமிழர்கள் எவ்வளவு பேர் என்று காந்தியே மனம் நிறைந்து எழுதியிருக்கிறார். தில்லையாடி வள்ளியம்மை பதினாறு வயதில் சிறையிலிருந்து காய்ச்சலோடு வந்து 1914 பிப்ரவரியில் இறந்தார். தம்பி நாயுடு திரும்பத் திரும்பச் சிறைக்குப் போனார். படத்தில் இந்தப் பெயர்கள் எதுவும் காதில் விழாது. கூலித் தொழிலாளர்கள் கூட்டமாக வருகிறார்கள், முகமாக வருவதில்லை. வள்ளியம்மையைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் படத்தின் மேல் கோபம் வரும், இப்போதும் வருகிறது.

ஜூன் 10

"க்ரை ஃப்ரீடம்" (1987) பற்றி நிறைய பேர் கேட்டிருப்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டீவ் பிகோவாக டென்செல் வாஷிங்டன், பத்திரிகையாளர் டொனால்ட் வுட்ஸாக கெவின் க்ளைன். தென்னாப்பிரிக்காவில் எடுக்க வழியே இல்லை, ஜிம்பாப்வேயில் எடுத்தார்கள். பிகோ காவலில் இறந்தது 1977 செப்டம்பர் 12. படத்தில் அந்தச் சாவு நடுவிலேயே வந்துவிடுகிறது, மீதிப் படம் வுட்ஸ் குடும்பம் எல்லை தாண்டித் தப்பிப்பது. கறுப்பர்களின் போராட்டத்தை ஒரு வெள்ளைக் குடும்பத்தின் கதையாக்கிவிட்டார் என்று அன்றே விமர்சனம் வந்தது, அது நியாயமான விமர்சனம்தான். வாஷிங்டன் திரையில் இருக்கிற வரை நகர மனம் வராது. அவர் போன பிறகு நான் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். கடைசியில் காவலில் இறந்தவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக, அதிகாரிகள் சொன்ன காரணத்தோடு வரும். படியில் வழுக்கி விழுந்தார், தூக்குப் போட்டுக்கொண்டார், இப்படியே போகும். அந்தப் பட்டியல் எந்தக் காட்சியையும் விட பலமானது.

ஜூன் 12

சத்யஜித் ராய் படத்தில் அவர் நடித்தது இங்கே யாரும் சொல்லவில்லையே! "ஷத்ரஞ்ச் கே கிலாடி", 1977. பிரிட்டிஷ் ஜெனரல் அவுட்ரம் வேடம். அவத் அரசைப் பிடுங்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. போட்ட ஒப்பந்தத்தை மீறுகிறோம் என்பது அவருக்குத் தெரியும். நவாப் கவிதை எழுதுகிறார், நாட்டியம் ஆடுகிறார் என்று உதவியாளர் வெஸ்டனிடம் விசாரித்துக்கொண்டே, தான் செய்யப் போவது சரி என்று தன்னையே நம்பவைக்கப் பார்க்கிறார். பெரிய பதவியில் இருக்கிற பலவீனமான மனிதன். ராய் சரியாகத்தான் ஆள் பிடித்திருக்கிறார்.

சேகர் கபூர் இயக்கிய "எலிசபெத்" (1998) படத்தில் ராணியின் ஆலோசகராக வருவதும் அவரே. அவருக்கும் இந்தியாவுக்கும் இருந்த பந்தம் பத்மபூஷணோடு (1983) முடியவில்லை.

ஜூன் 13

நடிகர் இயக்குநரானால் என்ன நன்மை என்று பொதுவாகக் கேட்டவருக்கு: என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். மேடையில் நடித்துவிட்டு இப்போது சின்ன நாடகங்களை இயக்குகிறேன். எனக்குக் கிடைத்த ஒரு இயக்குநர் ஒத்திகையில் எல்லோர் முன்னாலும் கத்துவார். கத்தியதும் என் தொண்டை அடைத்துக்கொள்ளும், அன்று முழுக்க எதுவும் வராது. இன்னொருவர் பக்கத்தில் வந்து தோளில் கை வைத்து, காதில் ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார். இரண்டாவது ஆள் முன்பு நடிகராக இருந்தவர். அட்டன்பரோ படப்பிடிப்பில் எல்லோரையும் "டார்லிங்" என்று கூப்பிடுவார் என்பதைப் பலர் கிண்டலாகச் சொல்வார்கள். எனக்கு அதில் கிண்டல் செய்ய எதுவும் தெரியவில்லை. பயந்திருக்கிற நடிகனிடமிருந்து எதையும் வாங்க முடியாது என்பது தெரிந்தவர் அவர்.

பலன் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. அதுவரை முக்கியமாக நாடக நடிகராகவே அறியப்பட்ட கிங்ஸ்லிக்கு ஆஸ்கர். வாஷிங்டனுக்கும், "சாப்ளின்" (1992) படத்தில் ராபர்ட் டவுனி ஜூனியருக்கும், "ஷேடோலேண்ட்ஸ்" (1993) படத்தில் டெப்ரா விங்கருக்கும் ஆஸ்கர் பரிந்துரை. "சாப்ளின்" ஒரு படமாகத் தடுமாறுகிறது, வருடங்களைத் தாண்டித் தாண்டி ஓடுகிறது. ஆனால் மனநலம் குன்றிய அம்மா முன் சாப்ளின் நிற்கிற இடங்கள் அப்படி இல்லை. அம்மாவாக நடித்தவர் சாப்ளினின் மகள் ஜெரால்டின், அதாவது தன் பாட்டியாகவே நடித்தார்.

ஜூன் 15

1993 அவருக்கு விசித்திரமான வருடம். ஸ்பீல்பெர்க் கூப்பிட்டு "ஜுராசிக் பார்க்" படத்தில் டைனோசர் பூங்காவைக் கட்டுகிற ஜான் ஹாமண்ட் ஆக்கினார். நம்மில் பலருக்கு அவர் முகம் தெரிந்தது அந்த வெள்ளைத் தாடித் தாத்தாவாகத்தான். பத்து வருடத்துக்கு முன் அதே ஸ்பீல்பெர்க்கின் "இ.டி."யைத் தாண்டி "காந்தி" ஆஸ்கர் வாங்கியது, ஆனாலும் "இ.டி."தான் சிறந்த படம் என்று அட்டன்பரோவே சொன்னவர். ஹாமண்டும் பலவீனமானவன்தான். உருகிக்கொண்டிருக்கிற ஐஸ்கிரீமைச் சாப்பிட்டுக்கொண்டு, தெள்ளுப்பூச்சி சர்க்கஸ் பற்றிப் பேசுகிற அந்தக் காட்சியில் தோற்றுப்போன கிழவனை முழுசாகக் காட்டிவிடுகிறார்.

அதில் பேரன் டிம் ஆக வரும் ஜோசப் மாசெல்லோதான் அதே வருடம் "ஷேடோலேண்ட்ஸ்" படத்தில் நாயகனுடைய மனைவியின் மகனாக வருகிற சிறுவன். எழுத்தாளர் சி.எஸ். லூயிஸாக ஆந்தனி ஹாப்கின்ஸ். துன்பம் ஏன் வருகிறது என்று மேடை மேடையாக விளக்குகிறவர், தன் மனைவி புற்றுநோயில் இறந்ததும் ஒரு விளக்கமும் இல்லாமல் நிற்கிறார். மாடியறையில் அந்தச் சிறுவனோடு சேர்ந்து உடைந்து அழுகிற காட்சியில் கேமரா ஒன்றுமே செய்வதில்லை. செய்யாமல் இருப்பதும் இயக்கம்தான்.

ஜூன் 15, இரவு

இதை எழுதலாமா என்று யோசித்தேன், எழுதுகிறேன். 2004 டிசம்பர் 26 சுனாமி நாகப்பட்டினத்தையும் கடலூரையும் அடித்த அதே காலை, தாய்லாந்தின் காவோ லாக்கில் அவருடைய மூத்த மகளும் ஒரு பேத்தியும் மகளின் மாமியாரும் இறந்தார்கள். வேலை காரணமாகக் குடும்பத்தோடு போதுமான நேரம் செலவிடவில்லை என்ற வருத்தத்தை அவர் பின்னர் வெளிப்படையாகவே பேசினார். அதற்குப் பிறகு வந்தது ஒரே படம், "க்ளோசிங் தி ரிங்" (2007). 2014 ஆகஸ்ட் 24 அன்று, 91 ஆக ஐந்து நாள் இருக்கும்போது காலமானார்.

ஜூன் 18

"எதிலிருந்து ஆரம்பிப்பது" என்ற கேள்விக்கு. "காந்தி"யிலிருந்து வேண்டாம், அது எப்படியும் பார்த்திருப்பீர்கள். "டென் ரில்லிங்டன் பிளேஸ்" முதலில். அதன் கையோடு "மேஜிக்" (1978): ஹாப்கின்ஸ், கையில் பேசும் பொம்மை வைத்திருக்கிற மேடைக் கலைஞன், பொம்மை மெல்ல அவனை ஆட்டிவைக்க ஆரம்பிக்கிறது. அட்டன்பரோ இயக்கிய படங்களில் மகானே இல்லாத படம். இது பேசப்பட வேண்டிய அளவுக்குப் பேசப்படுவதில்லை. பிறகு "ஓ! வாட் எ லவ்லி வார்" (1969), அவர் இயக்கிய முதல் படம். பார்வையே கிடையாது என்பவர்கள் அதன் கடைசி ஷாட்டைப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும்: புல்வெளியில் உட்கார்ந்திருக்கிற பெண்களிடமிருந்து கேமரா மேலே மேலே போகிறது, வெள்ளைச் சிலுவைகள் முடிவே இல்லாமல் விரிகின்றன.

"கிரே அவுல்" (1999) கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். சிறுவனாக இருந்தபோது லெஸ்டரில் அந்த மனிதரின் உரையைத் தம்பி டேவிட்டோடு போய்க் கேட்டவர் அவர். கனடாவின் பூர்வகுடி என்று உலகத்தை நம்பவைத்த கிரே அவுல் உண்மையில் ஹேஸ்டிங்ஸைச் சேர்ந்த ஆங்கிலேயர், ஆர்ச்சி பெலானி. வாழ்நாள் முழுக்க ஒரு வேடம் போட்டவன், எந்த நேரமும் பிடிபடலாம் என்ற பயத்தோடு காட்டைக் காப்பாற்றச் சொல்லி ஊர் ஊராகப் பேசியவன். அட்டன்பரோவுக்கென்றே செய்த கதை. ஆனால் படத்தில் அந்தப் பயம் சில இடங்களில் மட்டும் எட்டிப் பார்க்கிறது, மற்ற நேரம் மரியாதை வந்து மறைத்துவிடுகிறது. முப்பது வயதில் இருந்த அட்டன்பரோ அந்த வேடத்தில் நடித்திருந்தால் என்று ஏங்குகிறேன்.

ஜூன் 18, சற்றுக் கழித்து

"அப்படியென்றால் நடிகராகவே இருந்திருக்க வேண்டும் என்று நீங்களும் சொல்கிறீர்கள்" என்று உடனே பிடித்துக்கொண்டார்கள். இல்லை. அவர் நடிகராகவே இருந்திருந்தால் ஓம் புரியின் அந்தச் சில நிமிடங்கள் கிடைத்திருக்காது. "கிரே அவுல்" போனால் போகட்டும்.